ரெண்டாவது ரிமோட்: நாவுலயில் டிவி கேம் விளையாடிய வரலாறு

பைனரி லேண்ட். நட்ஸ் அண்ட் மில்க். ரோட் ஃபைட்டர். அண்டார்டிக் அட்வெஞ்சர். பேட்டில் சிட்டி.

இந்தப் பெயர்களைக் கேட்டால் உங்களில் பலருக்கு ஒன்றும் ஞாபகம் வராது. ஆனால் "ரெண்டு பென்குயின் எதிரெதிர்ப் பக்கமா நடக்குமே", "பெற்றோல் முடிஞ்சா நின்னு போற கார் கேம்", "கழுகைக் காப்பாத்துற டாங்கி கேம்" என்று சொன்னால் பெருவிரல் தானாக அசையும். எங்களுக்கும் அப்படித்தான். ஐந்தாறு வருஷம் விளையாடிய கேம்களின் பெயர் என்ன, எந்த ஊரில் செய்தது, யார் செய்தது என்பதையெல்லாம் கெம்பஸ் வந்த பிறகுதான் தேடிப் பார்த்தோம்.

தேடும்போது ஒரு விஷயம் உறுத்தியது. பழைய வீடியோ கேம்கள் பற்றி ஆங்கிலத்தில் வரும் பட்டியல்களில் இவற்றில் பல "அதிகம் அறியப்படாதவை" என்ற வரிசையில் இருக்கின்றன. யாருக்கு அறியப்படாதவை? நாவுலயில் டிவி இருந்த வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால் டாங்கி கேம் தெரியாது என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். தம்புள்ளையில் கேட்டாலும் அப்படித்தான். மொஸ்கோவில் கேட்டால்கூட அப்படித்தான் என்பதுதான் இந்தக் கதையின் சுவாரசியம்.

நாங்கள் நாலு பேர். கலைப்பீடத்தில் படிக்கிறோம், ஒருத்தி வரலாறு விசேட பாடமாகச் செய்கிறாள். நாலு பேரும் நாவுலயிலும் அதைச் சுற்றியும் வளர்ந்தவர்கள். நாவுல தெரியாதவர்களுக்கு: மாத்தளையிலிருந்து ஏ9 வீதியில் தம்புள்ளைக்குப் போகும் வழியில் வருகிற சின்ன டவுன். பெரும்பாலும் சிங்களவர்கள், எங்களைப் போலத் தமிழ் பேசுகிற குடும்பங்கள் கொஞ்சம். மாத்தளைப் பக்கத் தோட்டங்களிலிருந்து கடை வேலைக்கு வந்து தங்கியவர்கள், வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பங்கள் என்று கலவையாக இருக்கும். வீடியோ கேம் வரலாறு எழுதுகிற எவரும் நாவுலக்கு வரப் போவதில்லை. அதனால் நாங்களே எழுதலாம் என்று நினைத்தோம்.

1983 ஜூலை

வீடியோ கேம் வரலாறு என்று ஒரு பொதுக் கதை இருக்கிறது. 1983-ல் அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தை சரிந்து விழுந்தது. அட்டாரி நிறுவனம் விற்காத கெசட்டுகளை நியூ மெக்சிகோ பாலைவனத்தில் புதைத்தது. 2014-ல் அவற்றைத் தோண்டி எடுத்துக் காட்டினார்கள். பிறகு 1985-ல் ஜப்பானின் நிண்டென்டோ நியூயோர்க்கில் என்இஎஸ் என்ற பெட்டியை இறக்கியது, கேம் உலகம் மறுபடி உயிர் பெற்றது. இதுதான் அந்தக் கதை.

அந்த என்இஎஸ்ஸின் மூத்த அண்ணன் ஜப்பானில் வந்த ஃபெமிகொம். "ஃபேமிலி கொம்பியூட்டர்" என்பதன் சுருக்கம். மசாயுகி உவெமுரா என்ற பொறியியலாளரின் தலைமையில் செய்யப்பட்டது. விலை 14,800 யென். 1983 ஜூலை 15-ஆம் திகதி டொங்கி கொங், டொங்கி கொங் ஜூனியர், பொப்பாய் என்ற மூன்று கேம்களோடு கடைக்கு வந்தது.

திகதியைப் பார்த்ததும் நாங்கள் நாலு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. 1983 ஜூலை என்றால் எங்கள் வீடுகளில் அர்த்தம் வேறு. அந்தப் பெட்டி ஜப்பானில் கடைக்கு வந்து ஒன்பது நாளில் கொழும்பு எரிந்து கொண்டிருந்தது. கண்டி, மாத்தளை என்று மலையகப் பக்கத்து நகரங்களுக்கும் அந்த நெருப்பு வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஒரே மாதத்தை உலகத்தில் ஒரு பகுதி "கேம்களின் பிறப்பு" என்று கொண்டாடும்போது இன்னொரு பகுதி அதை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறோம். பொதுக் கதையின் காலவரிசை எங்கள் காலவரிசை இல்லை. ஃபெமிகொம் எங்கள் கைக்கு வந்தபோது அதற்கு இருபத்தைந்து வயது தாண்டியிருந்தது.

பெட்டி எப்படி நாவுலக்கு வந்தது

உண்மையில் எங்கள் கைக்கு வந்தது ஃபெமிகொம் இல்லை, அதன் நகல். நிண்டென்டோ என்ற சொல் அதில் எங்கேயும் இருக்கவில்லை. பெட்டி மேலே ஒரு பிளேஸ்டேஷன் படம் ஒட்டியிருக்கும், உள்ளே 1983-ஆம் வருஷத்து மூளை இருக்கும்.

இந்த நகல் ஏன் இவ்வளவு சுலபமாகப் பரவியது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. அமெரிக்காவுக்குச் செய்த என்இஎஸ்ஸில் நிண்டென்டோ ஒரு பூட்டுச் சில்லு வைத்தது. அதற்குப் பொருந்தாத கெசட் ஓடாது. கெசட்டின் வாயில் 72 ஊசிகள். ஜப்பானிய ஃபெமிகொமில் பூட்டும் இல்லை, ஊசிகளும் 60-தான். தாய்வானில் யூஎம்சி போன்ற நிறுவனங்கள் அதன் சில்லுகளை நகலெடுத்தன. காலப்போக்கில் முழு இயந்திரமும் ஒரே சில்லுக்குள் அடங்கியது. அந்தச் சில்லைப் பச்சைப் பலகையில் வைத்து மேலே கறுப்புப் பசையை ஊற்றி மூடிவிடுவார்கள். தம்புள்ளைப் பக்கம் ரிப்பேர் கடை வைத்திருந்த ஒரு நானாவிடம் பெட்டியைக் கொண்டுபோனால் திறந்து பார்த்துவிட்டு, "வயரு அறுந்தா ஒட்டித் தரலாம். இந்தக் கறுப்புப் பொட்டு போனா ஒண்டும் செய்ய ஏலா தம்பி" என்பார். அந்தக் கறுப்புப் பொட்டுக்குள் இருந்ததுதான் முழுக் கணினி. வேலை செய்கிற நினைவகம் வெறும் 2 கிலோபைட்.

1992-ல் ரஷ்யாவில் ஸ்டீப்லர் என்ற கம்பனி இதே நகலை "டெண்டி" என்ற பெயரில் விற்றது. போலந்தில் "பெகாசஸ்". சீனாவில் "சுபோர்" கம்பனி இதற்கு ஒரு விசைப்பலகையைப் பொருத்தி, பிள்ளைகள் படிக்கிற இயந்திரம் என்று சொல்லிப் பெற்றோரிடம் விற்றது. விளம்பரத்தில் வந்தவர் ஜாக்கி சான். இந்தியாவில் "சமுராய்", "மீடியா" என்ற பெயர்கள். நம் நாட்டில் பெயரே தேவைப்படவில்லை. "டிவி கேம்". அவ்வளவுதான்.

டிவி கேம் வர முதலில் டிவி வர வேண்டும். இலங்கையில் ஐடிஎன் 1979 ஏப்ரலில் ஆரம்பமானது, ரூபவாஹினி 1982 பெப்ரவரியில். ரூபவாஹினி நிலையத்தைக் கட்ட உதவி தந்தது ஜப்பான். 1977-க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டதால் வெளிநாட்டுச் சாமான் புறக்கோட்டையில் குவிய ஆரம்பித்தது. அங்கிருந்து மொத்தக் கடை, மாத்தளைக் கடை, பஸ்ஸில் பொதி, சந்தை நாளில் பாயை விரித்து டோர்ச், கடிகாரத்தோடு சேர்த்து வைத்திருக்கும் டிவி கேம். எங்கள் வீட்டுக்கு வந்த பாதை அதுதான். சிலருக்கு மத்திய கிழக்கில் வேலை செய்த அம்மாவோ சித்தியோ கொண்டுவந்தார்கள். அந்தப் பெட்டி என்ன விலை என்று நாங்கள் அன்றைக்குக் கேட்கவில்லை. அதற்கு எத்தனை மாதம் யாருடைய வீட்டில் பாத்திரம் கழுவினார்கள் என்பது இன்றைக்குத்தான் யோசிக்க வருகிறது.

9999 இன் 1

கெசட்டின் மேலே "9999 இன் 1" என்று போட்டிருக்கும். ஆரம்பத்தில் நம்பினோம். எண்ணிக்கொண்டே போனால் பத்தாவதிலோ இருபதாவதிலோ முதல் கேமே திரும்ப வரும். கொஞ்சம் வேகம் கூட, இல்லையென்றால் நாலாவது கட்டத்திலிருந்து. நிஜமாக இருந்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. அதைப் பொய் என்று சொல்லி நாங்கள் கோபப்பட்டதில்லை. 9999-க்கும் பட்டியலை உருட்டிப் பார்ப்பதே ஒரு விளையாட்டாக இருந்தது.

இப்போது முக்கியமான கேள்வி. உலகத்தில் ஃபெமிகொமுக்கு ஆயிரத்துக்கு மேல் கேம்கள் வந்திருக்க, எங்கள் கெசட்டில் எப்போதும் அதே சில கேம்கள்தான் ஏன் இருந்தன?

பதில்: அளவு. 1983 முதல் 1985 வரை வந்த ஆரம்பகால கேம்கள் மிகச் சின்னவை. 24 கிலோபைட், கூடினால் 40 கிலோபைட். சுப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்தான்; நீங்கள் வட்ஸ்அப்பில் அனுப்புகிற ஒரு படம் அதைவிடப் பெரிது. பிற்காலத்தில் வந்த பெரிய கேம்களுக்குக் கெசட்டுக்குள் கூடுதல் சில்லு தேவைப்பட்டது. சின்ன கேம்களுக்கு அது தேவையில்லை. நகலெடுக்கிறவர் மலிவான ஒரு கெசட்டில் எத்தனையைத் திணிக்கலாம் என்றுதான் பார்த்தார். சின்னது எல்லாம் உள்ளே வந்தது, பெரியது வெளியே நின்றது. கொண்ட்ரா 128 கிலோபைட். அதனால்தான் அது பெரும்பாலும் தனிக் கெசட்டில் வந்தது, அதை வைத்திருந்த பையனுக்கு ஊரில் மரியாதையும் வந்தது.

இதன் விளைவைக் கவனியுங்கள். அந்தச் சின்ன கேம்களில் பல, என்இஎஸ் அமெரிக்காவுக்குப் போவதற்கு முன்னால் ஜப்பானியப் பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்டவை. பேட்டில் சிட்டி, பைனரி லேண்ட், நட்ஸ் அண்ட் மில்க் ஆகியவற்றின் கெசட்டுகள் அந்தக் காலத்தில் அமெரிக்காவில் வெளியாகவே இல்லை. அதனால்தான் ஆங்கிலப் பட்டியலில் அவை "அறியப்படாதவை". ஆனால் மலிவு என்ற ஒரே காரணத்துக்காக அவை மொஸ்கோ, வார்சோ, லாகூர், நாவுல என்று எல்லா இடத்துக்கும் போயின. ஒரு சாதாரண அமெரிக்கப் பிள்ளைக்குத் தெரியாத ஜப்பானின் 1984-ஆம் வருஷம், 2010-ல் நாவுலயில் சிமெந்துத் தரையில் உட்கார்ந்திருந்த எங்களுக்குத் தெரிந்திருந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. கள்ள நகல் எடுத்தவரின் கஞ்சத்தனம் செய்த வேலை அது.

விளையாடிப் பார்த்ததில்

இந்த வருஷம் லீவில் எங்களில் ஒருத்தர் வீட்டு அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, பழைய டிவியில் பொருத்தி மறுபடி எல்லாவற்றையும் விளையாடினோம். இப்போதைய எங்கள் அபிப்பிராயம் இது.

*பேட்டில் சிட்டி* (நம்கோ, 1985). டாங்கி கேம். மொத்தம் 35 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 20 எதிரி டாங்கிகள். கீழே செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு. அதை ஒரு குண்டு தொட்டாலே எல்லாம் முடிந்தது, உங்களுக்கு எத்தனை உயிர் மிச்சமிருந்தாலும் சரி. இன்றைக்கும் இது நல்ல கேம். காரணம், சுவர் உங்களுடையதும்தான். எதிரியை அவசரமாகச் சுடப் போய் உங்கள் கழுகைச் சுற்றியிருக்கிற செங்கலை நீங்களே உடைத்துவிடலாம். கூட்டாளியைச் சுட்டால் அவன் சாக மாட்டான், கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பான். அந்தக் கொஞ்ச நேரத்தில் எத்தனை சண்டை! மண்வெட்டிப் படம் கிடைத்தால் செங்கல் இரும்பாகும். நாமே வரைபடம் கட்டுகிற வசதியும் இருந்தது. கழுகைச் சுற்றி முழுக்க இரும்பு வைத்துவிட்டு நிம்மதியாக விளையாடுவோம். ஐந்து நிமிஷத்தில் அலுத்துப் போகும். பயம் இல்லாவிட்டால் கேம் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

*பைனரி லேண்ட்* (ஹட்சன், 1985). ஒரு ஆண் பென்குயின், ஒரு பெண் பென்குயின், நடுவில் சுவர். ஒன்றை இடப்பக்கம் நகர்த்தினால் மற்றது வலப்பக்கம் போகும். மேலே கூண்டில் ஒரு இதயம். இரண்டும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் அதைத் தொட வேண்டும். ஒன்று சிலந்தி வலையில் மாட்டினால் மற்றது வந்துதான் விடுவிக்க வேண்டும். சின்ன வயசில் இது "பொம்பளைப் பிள்ளைகள் கேம்" என்று ஒதுக்கப்பட்டது. இப்போது விளையாடும்போது நாலு பேரும் ஒத்துக்கொண்டோம்: கெசட்டிலேயே கஷ்டமானதும் அழகானதும் இதுதான். ஒரே கட்டளைக்கு இரண்டு பேர் நேர் எதிராக நடப்பதைச் சமாளித்து ஒரு இடத்தில் சேர்ப்பது லேசான காரியமில்லை. இந்த நாட்டில் வளர்ந்தவர்களுக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதுமில்லை.

*நட்ஸ் அண்ட் மில்க்* (ஹட்சன், 1984). நிண்டென்டோவுக்கு வெளியே ஒரு நிறுவனம் ஃபெமிகொமுக்குச் செய்த முதல் கேம்களில் ஒன்று. பழங்களைப் பொறுக்கி முடித்தால் வீட்டுக் கதவு திறக்கும், உள்ளே காதலி. அவளுக்குப் பெயர் யோகர்ட். தயிரும் பாணியும் சாப்பிட்டு வளர்ந்த எங்களுக்கு இந்தப் பெயர் அப்போது தெரியாமல் போனது வருத்தம். கேம் சுமார்தான். குதிப்பதில் ஒரு பிசகு இருக்கிறது, கை பழக நேரமெடுக்கும்.

*ரோட் ஃபைட்டர்* (கொனாமி). மேலிருந்து பார்க்கும் கார் பந்தயம். பெற்றோல் குறைந்துகொண்டே வரும்; வண்ணக் காரை முட்டினால் கொஞ்சம் ஏறும். மோதாமல் நெடுநேரம் ஓடினால் ஓரத்தில் ஒரு மனிதன் பறந்து போவான். நாங்கள் அவனை சுப்பர்மேன் என்றோம். அவன் பெயர் கொனாமி மேன், கம்பனியின் சொந்தக் கதாபாத்திரம். இந்த கேமில் பாட்டு கிடையாது, எஞ்சின் சத்தம் மட்டும். 2022-ல் பெற்றோல் வரிசையில் இரவு முழுக்க நின்றபோது இந்த கேமை ஞாபகப்படுத்தி எங்களில் ஒருத்தன் ஜோக் அடித்தான். பக்கத்தில் நின்ற சிங்கள அண்ணா ஒருத்தர் உடனே புரிந்துகொண்டு சிரித்தார். அவரும் விளையாடியிருக்கிறார்.

*அண்டார்டிக் அட்வெஞ்சர்* (கொனாமி). பென்குயின் ஒன்று பனியில் ஓடி, ஆராய்ச்சி நிலையம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். நிலையத்தை அடைந்தால் அந்த நாட்டின் கொடி ஏறும். கொடிகளைப் பார்த்து நாடுகளைச் சொல்கிற போட்டி எங்களுக்குள் நடக்கும். பின்னணியில் ஓடுகிற இசை வால்ட்டொய்ஃபெல் என்ற பிரெஞ்சு இசைக்காரர் 19-ஆம் நூற்றாண்டில் எழுதிய பனிச்சறுக்கு வால்ட்ஸ். பனியையே காணாத நாவுலயில், பதினைந்து வருஷமாக அந்த மெட்டை முணுமுணுத்திருக்கிறோம்.

ஒரு சின்னக் குறிப்பு. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு ஏறக்குறைய 60 படம் காட்டும். நம் நாட்டில் உள்ள பால் முறையில் 50. அதற்காகச் செய்த பெட்டிகளில் கேமும் பாட்டும் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். யூடியூபில் மற்றவர்கள் விளையாடுகிற மரியோவைப் பார்த்தால் எங்களுக்கு அவன் ஏன் இப்படி அவசரப்படுகிறான் என்று தோன்றுவது அதனால்தான்.

"மகே சான்ஸ் எக"

இந்த கேம்களில் வசனம் கிடையாது. கதை சொல்கிற எழுத்து கிடையாது. ஸ்டார்ட், ஸ்கோர், கேம் ஓவர். அவ்வளவு ஆங்கிலம் எல்லாருக்கும் தெரியும். எங்கள் தெருவில் தமிழ்ப் பிள்ளைகள் தமிழ் மொழிப் பள்ளிக்குப் போனோம், சிங்களப் பிள்ளைகள் சிங்களப் பள்ளிக்குப் போனார்கள். ஒரே பாடப் புத்தகத்தைக்கூட ஒரே மொழியில் படித்ததில்லை. ஆனால் டிவி கேம் இருந்த வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தோம். "மகே சான்ஸ் எக" என்று அவன் கத்துவான், "இல்ல மல்லி, என் சான்ஸ்" என்று நாங்கள் கத்துவோம். எங்களில் இரண்டு பேர் சிங்களம் கற்றது அந்தத் தரையில்தான்.

இதை ரொம்பவும் இனிப்பாகச் சொல்லவும் விரும்பவில்லை. 2009 வரை யுத்தம் நடந்தது. எங்களுக்கு அப்போது ஆறேழு வயது. ஏ9 வீதியில் இராணுவ வாகனங்கள் வடக்கே போவதைப் பார்த்துவிட்டு வந்துதான் டாங்கி கேம் விளையாடினோம். பெட்டியோடு ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் துப்பாக்கி வந்தது, வாத்து சுடுகிற டக் ஹன்ட் கேமுக்கு. எங்கள் அம்மாமார் அதை வீட்டுக்கு வெளியே கொண்டுபோக விடவே இல்லை. பக்கத்து வீட்டு மல்லி அதைச் சுழற்றிக்கொண்டு தெருவில் ஓடுவான், அவனை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒரே துப்பாக்கி, ஒரே தெரு. அந்த வித்தியாசத்துக்கு எங்களிடம் அப்போது சொல் இருக்கவில்லை.

அந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்தது தெரியுமா? அது எதையும் சுடுவதில்லை, பார்க்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகும், வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி வாயிலுள்ள ஒளி உணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். பழைய குண்டு டிவியில் படம் வரிவரியாக உடனுக்குடன் எழுவதால்தான் அது சாத்தியம். இன்றைய தட்டை டிவியில் படம் கொஞ்சம் தாமதித்து வரும், அதனால் எத்தனை தடவை சுட்டாலும் வாத்து பறந்துகொண்டே இருக்கும்.

ரெண்டாவது ரிமோட்

இப்போது இந்தக் கட்டுரைக்கு ஏன் இந்தத் தலைப்பு என்று சொல்கிறோம். ஃபெமிகொமில் இரண்டு ரிமோட். முதலாவதில் ஸ்டார்ட், செலக்ட் பட்டன்கள் இருக்கும். இரண்டாவதில் இல்லை, ஜப்பானிய மூலப் பெட்டியில் அதற்குப் பதிலாக ஒரு மைக் இருந்தது. எங்கள் நகலில் மைக்கும் இல்லை. அந்த இடம் வெறுமையாக இருந்தது. அதாவது இரண்டாவது ரிமோட் வைத்திருப்பவரால் கேமைத் தொடங்க முடியாது, நிறுத்த முடியாது, எந்த கேம் என்று தெரிவு செய்யவும் முடியாது.

அது யார் கையில் இருந்தது என்று நாங்கள் நாலு பேரும் ஞாபகப்படுத்திப் பார்த்தோம். தங்கச்சி. அக்கா. விருந்துக்கு வந்த தோட்டத்துச் சொந்தக்காரப் பிள்ளை. வீட்டில் டிவி இல்லாத கூட்டாளி. எங்களில் இரண்டு பெண்கள் இருக்கிறோம். இரண்டு பேருக்கும் முதலாவது ரிமோட் கிடைத்தது அண்ணன் டியூஷன் போன நேரத்தில் மட்டும். "இங்க வா, தேங்காய் துருவு" என்று குசினியிலிருந்து கூப்பிட்டால் நிறுத்திவிட்டுப் போக முடியாது. பட்டன் இல்லையே. அப்படியே வைத்துவிட்டு எழும்ப வேண்டும். திரும்பி வரும்போது உயிர் எல்லாம் போயிருக்கும். அண்ணன், "நீ சரியா விளையாடல்ல" என்பான்.

அக்காமார் சிலரிடம் இதைப் பற்றிக் கேட்டோம். ஒருவர் சொன்னார்: "எனக்கு அந்த பென்குயின் கேம் அவ்வளவு பிடிக்கும். அதுல ரெண்டு பேரையும் ஒரே ஆள் நடத்தலாம். யாரும் இல்லாத நேரம் தனியா உட்கார்ந்து விளையாடுவேன்." அவரோடு ஒரே வீட்டில் வளர்ந்த தம்பிக்கு அது தெரியாது. பொம்பளைப் பிள்ளைகள் கேம் விளையாடுவதில்லை என்று இன்றைக்கும் சொல்கிற பையன்கள் எங்கள் பட்சிலும் இருக்கிறார்கள். விளையாடினார்கள். ஸ்டார்ட் பட்டன்தான் அவர்கள் கையில் இருக்கவில்லை.

எது மிஞ்சும்

இந்த கேம்களில் சேமித்து வைக்கும் வசதி இல்லை. உங்கள் ஆகக்கூடிய புள்ளி அந்த 2 கிலோபைட் நினைவகத்தில் இருக்கும், கரண்ட் போனால் போய்விடும். போவத்தன்ன அணைக்கட்டு பக்கத்திலேயே இருந்தும் எங்களுக்குக் கரண்ட் போகாத கிழமை இருந்ததில்லை. ஒரு மத்தியானம் முழுக்க விளையாடி எடுத்த புள்ளிக்கு அந்த அறையில் இருந்தவர்கள் மட்டும்தான் சாட்சி. நாலு வருஷம் கழித்து அந்தச் சாட்சிகளும் சண்டை பிடிப்பார்கள்.

எங்களது மட்டுமல்ல. 2023-ல் அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை செய்த ஆய்வு, 2010-க்கு முன் அந்த நாட்டில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்றைக்குக் கடையில் வாங்கக் கிடைக்காது என்று சொன்னது. பணமும் சட்டமும் அருங்காட்சியகமும் உள்ள நாட்டிலேயே அந்த நிலை. அங்கேயும் காப்பாற்றுவது மூலக் கெசட்டுகளைத்தான். "9999 இன் 1" என்று பொய் சொல்கிற கள்ளக் கெசட்டை யார் காப்பாற்றுவார்? ஆனால் எங்களைப் போன்ற ஊர்களின் வரலாற்றுக்கு அந்தப் பொய்க் கெசட்தான் உண்மையான ஆவணம். அதில் என்ன பட்டியல் இருந்தது, எந்தப் பெயரை மாற்றியிருந்தார்கள், பெட்டியில் என்ன படம் ஒட்டினார்கள், எவ்வளவுக்கு விற்றார்கள் என்பதிலிருந்துதான் ஒரு பொருள் ஏழை நாடுகளுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று தெரியும்.

நாவுலக்குப் பக்கத்தில் நாலந்தா கெடிகே இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழைய கல் கட்டடம். பௌத்தத் தலம், ஆனால் தென்னிந்தியக் கோயில் போலக் கட்டியது. மூலம் எது, நகல் எது, யாருடையது என்று ஒரே வசனத்தில் சொல்ல முடியாத கட்டடம். மகாவலித் திட்டத்தில் நீர்த்தேக்கம் வந்து அது மூழ்கப் போகிறது என்றதும் 1970களில் கல் கல்லாகக் கழற்றி, உயரமான இடத்தில் திரும்பக் கட்டினார்கள். பள்ளிச் சுற்றுலாவில் எங்களை அங்கே கூட்டிப்போய் இதைச் சொன்னார்கள். பழசைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்தால் ஒரு கோயிலையே நகர்த்தலாம். முடிவு செய்ய வேண்டும், அதுதான் விஷயம்.

எங்களால் இப்போது செய்ய முடிந்தது சிறியது. எங்களிடம் மிஞ்சிய ஐந்து கெசட்டுகளின் மேலட்டையையும் பட்டியலையும் படம் எடுத்து வைத்திருக்கிறோம். ஊரில் பதினொரு பேரிடம் பேசிப் பதிவு செய்திருக்கிறோம், அதில் ஆறு பேர் பெண்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனம் போன்ற ஒரு இடத்தில் இவையும் ஒரு நாள் இருக்கலாம் என்பது எங்கள் ஆசை.

வாசிக்கிற உங்களிடம் கேட்பது இதுதான். வீட்டில் அலுமாரிக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே ஒரு தடவை பாருங்கள். மஞ்சள் கெசட் ஒன்று கிடைத்தால் குப்பைக்குப் போடாமல், அதில் என்ன கேம்கள் இருக்கின்றன என்று எழுதி வையுங்கள். நீங்கள் வைத்த பெயர்களையே எழுதுங்கள்; ஜப்பானியப் பெயரை நாங்கள் தேடிக்கொள்கிறோம். அப்படியே அக்காவிடமோ தங்கச்சியிடமோ அவருக்குப் பிடித்த கேம் எது என்று கேட்டுப் பாருங்கள். பதிலை எங்களுக்கும் அனுப்புங்கள்.